15-க்கு எத்தனை?

“ஜிசிஎஸ் 8-தாங்க இருக்கு, டியூப் போடணும்.” தலையில் அடிபட்டவரை ஐசியூவுக்குள் அனுப்பிவிட்டு வெளியே நிற்கும் குடும்பத்துக்கு இந்த எண் எதையும் விளக்குவதில்லை. நூற்றுக்கு எட்டா என்று பதறுபவர்களும் உண்டு. நினைவின் அளவைச் சொல்லும் இந்தக் ‘கிளாஸ்கோ கோமா ஸ்கேல்’ (ஜிசிஎஸ்) கணக்கு 15-க்குத்தான். கண் திறக்காமல், பேச்சில்லாமல், அசைவில்லாமல் கிடப்பவருக்கும் 3 உண்டு. அதற்குக் கீழே இறங்காது. 8 அல்லது அதற்கும் குறைவு என்றால் கோமா. நாக்கு பின்னால் சரிந்தோ, எச்சில் நுரையீரலுக்குள் இறங்கியோ மூச்சு அடைபடலாம் என்பதால்தான் டியூப்.

இந்த அளவுகோல் பிறந்தது ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில். அங்கே மூளை அறுவை மருத்துவர்களாக இருந்த கிரஹாம் டீஸ்டேலும் பிரையன் ஜென்னட்டும் 1974-இல் ‘லான்செட்’ இதழில் இதை வெளியிட்டார்கள். அதுவரை ஒரு மருத்துவர் ‘அரை மயக்கம்’ என்று எழுதிவிட்டுப் போவார். அடுத்து வருபவர் அதே நோயாளியை வேறு பெயரில் குறிப்பார். இரவுக்குள் நோயாளி தேறினாரா, சரிந்தாரா என்று அந்தச் சொற்களை வைத்துச் சொல்ல வழியில்லை. கண்ணால் கண்டதை மட்டும் எழுதுங்கள் என்றார்கள் இந்த இருவரும்.

கண் திறப்பதற்கு 4 வரை, பேச்சுக்கு 5 வரை, அசைவுக்கு 6 வரை. மூன்றில் அசைவுதான் அதிகம் சொல்லும். “கையைத் தூக்குங்க” என்றதும் தூக்கினால் 6. சொன்னது ஏறவில்லை, ஆனால் புருவ எலும்பை அழுத்தும்போது கையை அங்கே கொண்டுவந்து தட்டிவிடப் பார்த்தால் 5. நகத்தை அழுத்தும்போது கையை வெடுக்கென்று இழுத்துக்கொள்வதோடு சரி என்றால் 4. கை இயல்பு மாறி மார்பை நோக்கி மடங்கினால் 3, விறைத்து நீண்டால் 2. இப்படி 3-ஐயும் 4-ஐயும் பிரித்தது முதல் கட்டுரையில் கிடையாது, பின்னர் சேர்ந்ததுதான்.

இதற்கு இயந்திரம் எதுவும் வேண்டாம். ஒரு நர்ஸின் குரலும் விரலும் போதும். சிடி ஸ்கேன், எடுத்த அந்த நேரத்து மூளையைத்தான் காட்டும். மண்டையோட்டுக்கும் மூளை உறைக்கும் நடுவே ரத்தம் கசிந்துகொண்டிருந்தால், நன்றாகப் பேசிக்கொண்டிருந்தவர்கூடச் சில மணி நேரத்தில் மயங்கிவிடலாம். நள்ளிரவில் அரை மணிக்கொரு முறை எழுப்பி, “உங்க பேர் என்ன? இது எந்த இடம்?” என்று கேட்பது நோயாளியைத் தொந்தரவு செய்வதற்கல்ல. எண் 2 குறைந்தாலே மருத்துவரைக் கூப்பிட வேண்டும். மறுபடி ஸ்கேன், தேவைப்பட்டால் உடனே ஆபரேஷன். மூளை நோயாளிக்கு ஐசியூவில் கிடைக்கும் பாதுகாப்பில் பெரும்பங்கு இந்த ஓயாத கவனிப்புதான் என்று உறுதியாக நம்புகிறேன். ஒரே நர்ஸிடம் அளவுக்கு மீறிப் படுக்கைகளை ஒப்படைக்கும்போது நாம் இழப்பதும் இதைத்தான்.

கூட்டுத்தொகையை மட்டும் கேட்டால் ஏமாற்றம்தான் மிஞ்சும். ஒரே 9 வெவ்வேறு வழிகளில் வரலாம். டியூப் போட்டவரால் பேச முடியாது. பேச்சுக்கான கட்டத்தில் எண்ணுக்குப் பதில் ‘டி’ என்று குறிப்பார்கள். முகம் வீங்கியவருக்குக் கண் திறக்காது. தூக்க மருந்து ஓடிக்கொண்டிருந்தால் எண் தானாகவே தாழும். ஆகவே மருத்துவரிடம், “கண் எவ்வளவு, பேச்சு எவ்வளவு, அசைவு எவ்வளவு? நேற்றைக்கு இன்று எப்படி?” என்று தனித்தனியாகக் கேளுங்கள்.

திருப்பூரில் வேலை பார்க்கும் ஜார்க்கண்ட் இளைஞருக்கு அடிபட்டு, “கையைத் தூக்குங்க” என்று தமிழில் சொன்னால், நினைவு தெளிவாக இருந்தும் அவர் தூக்காமல் போகலாம். காது மந்தமான பாட்டிக்கும் அதே கதிதான். சேர்க்கும்போதே சொல்லிவிடுங்கள்: என்ன மொழி புரியும், எந்தக் காது கேட்காது, முன்பே பக்கவாதம் வந்து எந்தக் கை பலவீனமாக இருக்கிறது, கடைசியாகத் தெளிவாகப் பேசியது எத்தனை மணிக்கு.