அங்கோரில் ஒரு நாள்: நண்பர்களுக்கு மூன்று கோயில்கள் போதும்

நண்பர்கள் நான்கைந்து பேர் சேர்ந்து கம்போடியா போகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். சியெம் ரீப் நகரில் தங்கியிருக்கிறீர்கள். அங்கோர் கோயில்களைப் பார்க்க ஒரே ஒரு நாள்தான் இருக்கிறது. அந்த நாளில் எத்தனை கோயில் பார்க்கலாம்? பயணத் திட்டம் போடும்போது எல்லோரும் கேட்கிற கேள்வி இது. இந்தக் காணொளியில் நான் சொல்ல வருவது, மூன்று கோயில்களுக்கு மேல் வேண்டாம் என்பதுதான். ஒரு குழுவுக்கு அந்த நாள் பல வருஷம் நினைவில் நிற்க வேண்டுமென்றால் பட்டியலைக் குறைப்பதே வழி. ஏன் என்பதற்கு அந்த இடமே சில காரணங்களைத் தருகிறது, மனிதர்களின் நினைவாற்றல் பற்றிய ஆய்வுகளும் சில காரணங்களைத் தருகின்றன. எதிர்க்கேள்விகளும் உண்டு. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலில் இடத்தின் அளவு. அங்கோர் என்றதும் நம் மனதில் வருவது ஐந்து கோபுரங்கள் கொண்ட ஒரே கோயில். உண்மையில் அது ஒன்பதாம் நூற்றாண்டு முதல் பதினைந்தாம் நூற்றாண்டு வரை க்மேர் பேரரசின் தலைநகரங்கள் இருந்த பரந்த நிலம். யுனெஸ்கோ 1992இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்த இந்தப் பகுதி ஏறக்குறைய 400 சதுர கிலோமீட்டர். சுற்றிப் பார்க்க இரண்டு பாதைகள் வழக்கத்தில் இருக்கின்றன. சிறிய சுற்று 17 கிலோமீட்டர், பெரிய சுற்று 26 கிலோமீட்டர். சிறிய சுற்றிலேயே அங்கோர் வாட், பாயோன், பாபுவோன், யானை மேடை, தா கியோ, தா ப்ரோம், பண்டியாய் க்டெய் என்று வரிசை நீளும். ஒருநாள் திட்டங்கள் பலவும் விடியற்காலையில் சூரியோதயத்தில் தொடங்கி, இத்தனையையும் காட்டி, ப்னோம் பாகெங் குன்றின் மேல் சூரிய அஸ்தமனத்தில் முடிப்பவை. இப்போது அங்கோர் வாட்டை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். அதைச் சுற்றியுள்ள அகழியின் அகலம் சுமார் 190 மீட்டர். உள்ளே புடைப்புச் சிற்பங்கள் இருக்கும் வெளித்திருச்சுற்று 215 மீட்டருக்கு 187 மீட்டர். அதை ஒருமுறை சுற்றி வந்தாலே 800 மீட்டர் நடை. அந்தச் சுவரில் குருக்ஷேத்திரப் போர் இருக்கிறது, இலங்கைப் போர் இருக்கிறது, பாற்கடல் கடைந்த கதை இருக்கிறது, சொர்க்கமும் நரகமும் இருக்கின்றன. நிதானமாகப் பார்க்க அரை நாள் கேட்கும் இடம் அது. ஏழெட்டுக் கோயில் கொண்ட திட்டத்தில் அதற்குக் கிடைப்பது ஒன்றரை மணி நேரம்.

இனி, குழுவாகப் போவதால் என்ன மாறுகிறது என்று பார்ப்போம். அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் எரிக்கா பூத்பி, மார்கரெட் கிளார்க், ஜான் பார்க் ஆகியோர் 2014இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். ஒருவருக்குச் சாக்லேட் கொடுக்கிறார்கள். ஒரு தடவை, பக்கத்தில் இருப்பவரும் அதே சாக்லேட்டைச் சாப்பிடுகிறார். இன்னொரு தடவை, பக்கத்தில் இருப்பவர் வேறு வேலையில் இருக்கிறார். இருவரும் பேசிக்கொள்வதே இல்லை. அப்படியிருந்தும், இருவரும் ஒரே நேரத்தில் சாப்பிட்டபோது சாக்லேட் கூடுதல் ருசியாக இருந்ததாகச் சொன்னார்கள். அடுத்து கடுங்கசப்பான சாக்லேட்டைக் கொடுத்தார்கள். சேர்ந்து சாப்பிட்டபோது அந்தக் கசப்பும் கூடுதலாகவே தெரிந்தது. நம் விஷயத்துக்கு இந்த இரண்டாவது முடிவுதான் முக்கியம். கூட ஆள் இருந்தால் எல்லாமே இனிக்கும் என்று நினைக்கிறோம். ஆனால் சேர்ந்து அனுபவிக்கும்போது இன்பம் பெருகுவதுபோல எரிச்சலும் பெருகும். ஏப்ரல் மாத வெயிலில், ஏழாவது கோயிலின் படிக்கட்டில், ஒருவருக்குக் கால் வலிக்கிறது, இன்னொருவருக்குப் பசிக்கிறது, மூன்றாமவர் இன்னும் படம் எடுத்துக்கொண்டிருக்கிறார் என்றால், அந்தச் சலிப்பை ஐந்து பேரும் சேர்ந்து பெருக்குகிறார்கள். ஆகவே குழுவாகப் போகிறவர்களுக்குத்தான், தனியாகப் போகிறவரைவிட, திட்டத்தில் கூடுதல் கவனம் தேவை.

அப்படியானால் எந்த மூன்று, எந்த வரிசையில்? என் பரிந்துரை: காலையில் பாயோன், அடுத்து தா ப்ரோம், மதியம் நல்ல ஓய்வு, பிற்பகல் முழுக்க அங்கோர் வாட். திரையில் உள்ள வரைபடத்தைப் பாருங்கள். பாயோன் கிழக்கு நோக்கிய கோயில், காலை வெயில் அதன் முகப்பில் விழும். அங்கோர் வாட் மேற்கு நோக்கியது, மாலை வெயிலில்தான் அதன் முகப்பு ஒளிபெறும். பாயோனுக்குப் போகும்போது அங்கோர் தோம் நகரின் தெற்கு வாசல் வழியாகப் போங்கள். அந்த வாசலுக்கு முன்னால் ஒரு பக்கம் 54 தேவர்கள், மறுபக்கம் 54 அசுரர்கள் நாகத்தைப் பிடித்தபடி அமர்ந்திருக்கிறார்கள். பிற்பகல் அங்கோர் வாட்டின் கிழக்குச் சுற்றுக்கு வந்தால், அதே தேவாசுரர்கள் ஏறக்குறைய 49 மீட்டர் நீளச் சிற்பத்தில் வாசுகியைப் பிடித்துப் பாற்கடலைக் கடைவார்கள், நடுவில் திருமால் நிற்பார். அங்கோர் வாட்டைப் பன்னிரண்டாம் நூற்றாண்டின் முற்பாதியில் திருமாலுக்காகக் கட்டத் தொடங்கியவர் இரண்டாம் சூரியவர்மன். அவர் தமிழ் மன்னர் என்று இணையத்தில் உலவும் செய்திக்கு ஆதாரம் கிடையாது. அவர் க்மேர் மன்னர். தெற்கு வாசலையும் பாயோனையும் தந்த ஏழாம் ஜெயவர்மனோ மகாயான பௌத்தர், 1181இல் முடிசூடியவர். ஒரே புராணக் கதையை, வெவ்வேறு சமயம் சார்ந்த இரண்டு அரசர்கள், சில தலைமுறை இடைவெளியில் எப்படிக் கையாண்டார்கள் என்பதை ஒரே நாளில் நண்பர்களோடு ஒப்பிட்டுப் பேசலாம். ஏழு கோயில் ஓட்டத்தில் இந்தத் தொடர்பு கண்ணுக்கே படாது.

பாயோனில் எல்லோரும் அண்ணாந்து அந்தப் பெரிய கல் முகங்களைப் பார்ப்பார்கள். பார்க்க வேண்டியவைதான். ஆனால் கீழ்ச்சுற்றின் சுவரில் இன்னொரு உலகம் இருக்கிறது. சந்தையில் வியாபாரம் செய்யும் பெண்கள், சேவற்சண்டை, சமையல், சாம்பா நாட்டுப் படையோடு நடக்கும் படகுப் போர், தண்ணீருக்குள் மீன்கள் என்று எண்ணூறு வருஷத்துக்கு முந்தைய அன்றாட வாழ்க்கை அங்கே செதுக்கப்பட்டிருக்கிறது. தா ப்ரோமில் மரவேர்கள் சுவரை விழுங்கி நிற்பதைப் பார்த்துவிட்டு, பத்து நிமிடத்தில் வெளியேறிவிடுகிறவர்கள் அதிகம். அது ஜெயவர்மன் தன் தாயின் நினைவாக 1186இல் எழுப்பிய மடாலயம். அங்கே கிடைத்த கல்வெட்டு அதற்கு உழைத்தவர்கள் 79,365 பேர் என்றும், ஆடல் மகளிர் மட்டும் 615 பேர் என்றும் கணக்குச் சொல்கிறது. அந்தக் கணக்கைத் தெரிந்துகொண்டு நடனமண்டபத்தில் நிற்பது வேறு அனுபவம். சரிந்துகிடந்த அந்த மண்டபத்தைத் தூக்கி நிறுத்தும் பணியில் நம் இந்தியத் தொல்லியல் துறையின் பங்கும் உண்டு.

இங்கே ஒரு வலுவான மறுப்பு வரும். சூரியோதயம் பார்க்காமல் அங்கோர் பயணமா என்பார்கள். அங்கோர் வாட் காலை 5 மணிக்கே திறக்கும், கோபுரங்களுக்குப் பின்னால் சூரியன் எழுவது அழகான காட்சி, மறுக்கவே முடியாது. ஆனால் அதற்கான விலையையும் பார்க்க வேண்டும். அந்த நேரத்தில் கோபுரங்கள் கருநிழலாகத்தான் தெரியும், சிற்பம் எதுவும் புலப்படாது. குளக்கரையில் பெருங்கூட்டம் கூடியிருக்கும். நான்கு மணிக்கு எழுந்த குழு, நண்பகலில் சோர்ந்து போயிருக்கும், நாளின் மிகச் சிறந்த வெளிச்சம் வரும் மாலையில் விடுதிக்குத் திரும்பவே துடிக்கும். பெரும்பாலான மற்றக் கோயில்கள் 7:30க்குத்தான் திறக்கின்றன. எட்டு மணிக்குத் தெளிவான உடம்போடு பாயோனில் நிற்பது மேல். உதயம் பார்த்தே ஆக வேண்டும் என்று இருவர் விரும்பினால் அவர்கள் மட்டும் போய்வரட்டும், மற்றவர்கள் பிறகு சேர்ந்துகொள்ளட்டும். நட்பு என்றால் இருபத்து நான்கு மணி நேரமும் ஒட்டிக்கொண்டே திரிவது என்று அர்த்தமில்லை.

யாருக்கு என்ன வேண்டும் என்பதை எல்லோரும் வெளிப்படையாகப் பேசுவதில்லை என்பதுதான் சிக்கல். நிர்வாகவியல் அறிஞர் ஜெரி ஹார்வி 1974இல் எழுதிய ஒரு கட்டுரை இதற்குப் பெயரே கொடுத்தது, அபிலீன் முரண். டெக்சாஸில் கடும் வெயில் நாளில் ஒரு குடும்பம் 53 மைல் காரில் போய் அபிலீன் என்ற ஊரில் சாப்பிட்டுவிட்டுத் திரும்புகிறது. திரும்பிய பிறகுதான் தெரிகிறது, அவர்களில் ஒருவருக்கும் போக விருப்பமே இருக்கவில்லை. மற்றவர்கள் ஆசைப்படுகிறார்கள் என்று ஒவ்வொருவரும் நினைத்துத் தலையாட்டியிருக்கிறார்கள். ஏழு கோயில் திட்டங்கள் பலவும் இப்படித்தான் உருவாகின்றன. இதற்கு எளிய தீர்வு, முந்தைய இரவு ஒவ்வொருவரும் தனித்தனியாக, பார்த்தே ஆக வேண்டிய ஓர் இடத்தையும் விட்டுவிட்டாலும் பரவாயில்லை என்ற ஓர் இடத்தையும் எழுதி, பிறகு ஒன்றாக வைத்துப் பார்ப்பது. முதலில் உரக்கப் பேசியவரின் விருப்பம் எல்லோர் விருப்பமாக மாறுவதை இது தடுக்கும்.

அடுத்து, புகைப்படம். ஃபேர்ஃபீல்ட் பல்கலைக்கழகத்தின் லிண்டா ஹென்கெல் 2014இல் வெளியிட்ட ஆய்வில், அருங்காட்சியகத்துக்கு அழைத்துச் செல்லப்பட்டவர்கள் சில பொருள்களைப் படம் எடுத்தார்கள், சிலவற்றை வெறுமே பார்த்தார்கள். மறுநாள் சோதித்தபோது, முழுப் பொருளையும் படம் எடுத்தவற்றைப் பற்றிய நினைவு குறைவாக இருந்தது. அதே ஆய்வில், பொருளின் ஒரு பகுதியை மட்டும் நெருக்கமாகப் படம் எடுத்தபோது அந்தக் குறைவு ஏற்படவில்லை. ஆகவே படமே எடுக்காதீர்கள் என்று சொல்ல மாட்டேன். நுணுக்கமான ஒன்றைத் தேடி எடுங்கள். பாற்கடல் சிற்பத்தின் முன் அரைமணி நேரம் தனித்தனியாகப் பிரிந்து, ஆளுக்கொரு நுணுக்கத்தைப் படம் பிடியுங்கள். கடையும் மலைக்கு அருகே மீன்கள் துண்டு துண்டாக அறுபடுவதை ஒருவர் கண்டுபிடிப்பார். மேலே பறக்கும் அப்சரஸ்களின் வரிசையை இன்னொருவர் பார்ப்பார். பிறகு கூடி ஒருவருக்கொருவர் காட்டுங்கள். ஐந்து பேர் போனதன் பயன் அப்போதுதான் கிடைக்கும், ஒரே சிற்பத்தை ஐந்து ஜோடிக் கண்கள் பார்த்திருக்கும்.

அந்த நாளை எப்படி முடிப்பது என்பதும் முக்கியம். உளவியலாளர் டேனியல் கானமனும் சக ஆய்வாளர்களும் 1993இல் ஒரு சோதனை செய்தார்கள். குளிர்ந்த நீரில் ஒரு நிமிடம் கையை வைத்திருப்பது ஒரு முறை. அதே ஒரு நிமிடத்தோடு, சற்றே குளிர் குறைந்த நீரில் மேலும் அரை நிமிடம் வைத்திருப்பது மறுமுறை. எதை மீண்டும் செய்வீர்கள் என்று கேட்டபோது, மொத்த வலி அதிகமான இரண்டாவதையே பெரும்பாலோர் தேர்ந்தார்கள். முடிவு இதமாக இருந்ததே காரணம். வலிக்கும் உல்லாசப் பயணத்துக்கும் என்ன சம்பந்தம் என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. 2008இல் நியூசிலாந்து ஆய்வாளர்கள் விடுமுறைப் பயணங்களை வைத்தே இதைச் சோதித்தபோது, பயணம் எப்படி முடிந்தது என்பதற்கு அத்தனை பலம் இருக்கவில்லை. மிகவும் நினைவில் நின்ற 24 மணி நேரம் எத்தனை மகிழ்ச்சியாக இருந்தது என்பதுதான் முழுப் பயணத்தின் மதிப்பீட்டை நன்றாகக் காட்டியது. இந்தத் திருத்தம் என் வாதத்துக்கு வலுச் சேர்க்கவே செய்கிறது. பயணம் முழுவதையும் ஒரு நாள் தாங்கும் என்றால், அந்த நாளைப் பிய்த்துப் பிய்த்து ஏழு துண்டாக்கக் கூடாது. ப்னோம் பாகெங் குன்றின் மேல் ஒரே சமயத்தில் 300 பேரைத்தான் விடுகிறார்கள், வரிசையில் நின்றபடியே வெளிச்சம் போய்விடலாம். அதற்குப் பதில் 5:30க்கு மூடும் வரை அங்கோர் வாட்டிலேயே இருங்கள். மேற்குச் சுவரின் இலங்கைப் போரும் குருக்ஷேத்திரமும் அந்தச் சாய்வெயிலில் தெளிவாகத் தெரியும்.

கடைசி மறுப்பு, பணம். இவ்வளவு செலவு செய்து வந்துவிட்டு மூன்றே கோயிலா என்பார்கள். ஒருநாள் சீட்டு 37 டாலர், 2017 முதல் இந்தக் கட்டணம். மூன்று நாள் சீட்டு 62 டாலர், அதைப் பத்து நாள்களுக்குள் எந்த மூன்று நாளிலும் பயன்படுத்தலாம். கட்டடக்கலையில் ஆழ்ந்த ஈடுபாடு உள்ள குழு என்றால் அதை வாங்குங்கள், கோயில்களைக் கூட்டும்போது நாள்களையும் கூட்டுங்கள். விமானக் கட்டணம் ஏற்கெனவே போய்விட்டது, எட்டாவது கோயில் அதைத் திருப்பித் தராது. அவசர அவசரமாக ஓடிய பயணமும் பின்னாளில் சிரித்துப் பேசக் கதையாகுமே என்று சிலர் சொல்வார்கள். ஆகும்தான். ஆனால் அந்தக் கதை எந்த ஊர்ப் பேருந்து நிலையத்திலும் நடக்கும், அதற்கு அங்கோர் தேவையில்லை.

ஆகவே நண்பர்களே, உங்கள் பட்டியலை இன்றிரவே எடுத்து மூன்றைத் தவிர மற்றதை அடித்துவிடுங்கள். தோளும் முழங்காலும் மறையும் உடை அணியுங்கள், இல்லாவிட்டால் அங்கோர் வாட்டின் மேல்தளத்துக்கு விடமாட்டார்கள். பௌத்தப் புனித நாள்களில் அந்தத் தளம் மூடியிருக்கும், தேதியைப் பார்த்துக்கொள்ளுங்கள். தண்ணீரும் தொப்பியும் மறக்க வேண்டாம். பார்த்த மூன்று கோயில்களைப் பற்றியும் ஊர் திரும்பிய பிறகு ஐந்து பேரும் ஐந்து விதமாகப் பேச முடிந்தால், அந்த நாளை நீங்கள் சரியாகச் செலவிட்டிருக்கிறீர்கள்.