கார் நிற்க எத்தனை மீட்டர் வேண்டும்?

பந்தைத் துரத்திக்கொண்டு ஒரு சிறுவன் தெருவின் குறுக்கே ஓடி வருகிறான். கார் அவனிடமிருந்து 14 மீட்டர் தொலைவில் இருக்கிறது. அவன் பிழைப்பானா? கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

காரின் வேகம் மணிக்கு 30 கிலோமீட்டர் எனக் கொள்வோம். அதாவது வினாடிக்கு 8.3 மீட்டர். சிறுவனைக் கண்ட ஓட்டுநர் பிரேக்கை மிதிக்க ஏறக்குறைய ஒரு வினாடி ஆகும். அதற்குள் கார் 8.3 மீட்டர் ஓடிவிடும். பிறகு, உலர்ந்த சாலையில், மேலும் 5 மீட்டரில் நின்றுவிடும். சிறுவன் தப்பினான்.

வேகம் 50 ஆனால்? அந்த ஒரு வினாடியிலேயே 14 மீட்டரும் தீர்ந்துவிடுகிறது! பிரேக் பிடிப்பதற்கு முன்பே, வேகம் சற்றும் குறையாமல் கார் மோதும். (என் மாணவர்கள் இதை நம்பாமல் இரண்டாம் முறை கணக்கிடுவது வழக்கம்.) இது ஏறத்தாழ 10 மீட்டர் உயரத்திலிருந்து கீழே விழுவதற்குச் சமம்.

சரி, ஓட்டுநரை மெதுவாகப் போகவைப்பது எப்படி? நெதர்லாந்து நாட்டில் 1971-இல் மட்டும் சாலை விபத்துகளில் 3,000-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அவர்களில் 400-க்கும் அதிகமானோர் குழந்தைகள். பெற்றோர்கள் கொதித்தெழுந்தனர். 'குழந்தைக் கொலையை நிறுத்து' என்ற பெயரில் இயக்கம் தொடங்கித் தெருக்களை மறித்தனர். அக்காலத்தில் டெல்ஃப்ட் நகரில் சில தெருக்களின் அமைப்பையே மாற்றினார்கள். நேரான பாதையை வளைத்து, மரங்கள் நட்டு, மேடுகள் அமைத்தார்கள். அறிவிப்புப் பலகையை ஓட்டுநர் பார்க்காமல் போகலாம். வளைவில் திரும்பாமல் போக முடியாதல்லவா?

இத்தகைய தெருக்களுக்கு 1976-இல் சட்ட அங்கீகாரம் கிடைத்தது. அப்போதைய விதிப்படி, அங்கே கார்கள் நடை வேகத்தில்தான் செல்ல வேண்டியிருந்தது. சிறுவர்கள் நடுத்தெருவிலேயே விளையாடலாம்.