மணிலா வேரின் சிவப்பும் மரபணுவின் கட்டுப்பாடும்

புதுச்சேரிக்கு வடக்கே, கடலையொட்டிய கனகசெட்டிக்குளம் முதலிய ஊர்களின் மணற்பாங்கான நிலங்கள் மணிலாவுக்கும் சவுக்குக்கும் ஏற்றவை. அத்தகைய நிலத்தில், விதைத்து 35 அல்லது 40 நாட்களான மணிலாச் செடி ஒன்றை வேர் அறாமல் தோண்டி எடுத்து மண்ணை உதறிப் பார்ப்போமாயின், வேர்களில் கடுகளவும் கேழ்வரகளவுமான முடிச்சுகள் ஒட்டிக்கொண்டிருக்கக் காணலாம். நன்கு வேலை செய்யும் முடிச்சொன்றை நகத்தால் கிள்ளினால் உட்புறம் இளஞ்சிவப்பாக இருக்கும்.

இச்சிவப்பு நமது இரத்தத்தின் சிவப்புக்கு உறவுடையது. இரும்பை நடுவிற்கொண்ட 'ஹீம்' என்னும் பொருள் இரண்டிலும் அமைந்துள்ளது. முடிச்சுகளில் வாழும் நுண்ணுயிர்கள் காற்றிலுள்ள நைட்ரஜனைப் பற்றிச் செடிக்குத் தழைச்சத்தாக்கித் தருகின்றன. அவ்வேலைக்குப் பிராணவாயு மிகுந்தாலும் கேடு; குறைந்தாலும் கேடு. அதை அளவாக எடுத்துக் கொடுப்பது இச்சிவப்புப் புரதமேயாகும்.

இங்கு ஒரு கேள்வி எழுகிறது. இப்புரதத்தைச் செய்வதற்கு வேண்டிய மரபணு மணிலாச் செடியின் இலையிலும் தண்டிலும் உள்ள ஒவ்வொரு உயிரணுவிலும் இருக்கின்றது. அப்படியிருக்க, முடிச்சில் மட்டும் அது வேலை செய்து, இலையில் வாளாவிருப்பது ஏன்? இதனை ஆராயும் சாஸ்திரமே மரபணுக் கட்டுப்பாட்டு ஆராய்ச்சி. மண் ரசாயனம் பயின்று, பின்னர் ஹீமையும் மரபணுக் கட்டுப்பாட்டையும் அரை நூற்றாண்டுக்கு மேலாக ஆராய்ந்துவந்த தமிழ்நாட்டு விஞ்ஞானி பேராசிரியர் கோவிந்தராஜன் பத்மநாபன் அவர்களின் வேலையைக் குடியானவர்கள் அறிந்துகொள்வது நலம்.

மரபணு விழிப்பதும் உறங்குவதும்

ஏரியில் நீர் நிறைந்திருப்பதனால் மட்டும் வயல் விளைந்துவிடாது. எந்த மதகை எப்பொழுது, எவ்வளவு திறப்பது என்பதைப் பொறுத்தே வெள்ளாமை அமையும். மரபணுக்களின் நிலையும் அதுவே. இதனைத் தெளிவாக முதலில் எடுத்துக்காட்டியவர்கள் பாரிஸ் நகரத்துப் பாஸ்டர் ஸ்தாபனத்தைச் சேர்ந்த பிரான்ஸ்வா ஜாக்கோப், ஜாக் மோனோ என்னும் பிரெஞ்சு விஞ்ஞானிகள் ஆவர். குடலில் வாழும் ஒரு நுண்ணுயிர், பாலிலுள்ள சர்க்கரை கிடைக்கும்போது மட்டுமே அதைச் செரிக்கும் நொதிகளை மிகுதியாகச் செய்கிறது. மற்றக் காலங்களில் அம்மரபணுக்களின்மேல் ஒரு தடைப்புரதம் அமர்ந்து மதகை அடைத்துக்கொண்டிருக்கிறது என்று அவர்கள் 1961-இல் விளக்கினர். 1965-இல் அவர்களுக்கும் அவர்களுடைய சகா ஆந்திரே ல்வோஃப் அவர்களுக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

மண் ரசாயனத்திலிருந்து

பத்மநாபன் அவர்கள் 1938-இல் சென்னையில் பிறந்தவர். இஞ்சினீயர்கள் நிறைந்த குடும்பத்தில் வளர்ந்தும் அத்தொழிலில் மனம் செல்லாமையால், சென்னை மாநிலக் கல்லூரியில் ரசாயனம் பயின்றார். பின்னர் டில்லியிலுள்ள இந்திய விவசாய ஆராய்ச்சிக் கழகத்தில் மண் ரசாயனத்தில் முதுநிலைப் பட்டம் பெற்று, பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தில் பேராசிரியர் பி. எஸ். சர்மா அவர்களிடம் ஜீவரசாயன ஆராய்ச்சியில் அமர்ந்து, 1966-இல் டாக்டர் பட்டம் பெற்றார்.

அவர் முதலில் எடுத்துக்கொண்டது ஒரு பூஞ்சணம். கோபால்ட் என்னும் உலோகம் அளவு மீறிச் சேர்ந்தால், அப்பூஞ்சணத்தில் இரும்பின் போக்குவரத்து கெட்டுவிடுவதை அவர் ஆராய்ந்தார். ஓர் உலோகம் மிகுந்தால் மற்றொன்றுக்குப் பஞ்சம் உண்டாவது மண் ரசாயனம் கற்றவருக்குப் புதிதன்று.

அதே ஆராய்ச்சிசாலையில் கேசரிப் பருப்பைப் பற்றிய வேலையும் நடந்துவந்தது. மத்திய இந்தியாவிலும் பீகாரிலும் மழை பொய்த்த காலத்தும் விளையும் இப்பருப்பை மாதக்கணக்கில் முக்கிய ஆகாரமாக உண்ட ஏழைகளுக்குக் கால்கள் விறைத்து நடக்கமுடியாமற் போயின. அதிலுள்ள நச்சுப் பொருளை அந்த ஆராய்ச்சிசாலையினர் 1964-இல் பிரித்தெடுத்தனர். அந்நஞ்சு மூளையின் நரம்பணுக்களை மிகையாகத் தூண்டுவது என்பதை எலிகளின் மூளையில் ஆராய்ந்து 1970-இல் வெளியிட்டவர்களுள் பத்மநாபன் அவர்களும் ஒருவர். நஞ்சு குறைந்த கேசரி ரகங்கள் பின்னாளில் வெளியிடப்பட்டன.

ஈரலில் கண்ட கட்டுப்பாடு

அதன்பின் அவருடைய கவனம் எலியின் ஈரலில் ஹீம் உண்டாகும் வழியின்மேல் சென்றது. ஹீம் பல படிகளைக் கடந்து உண்டாவது. அதன் முதற்படியை நடத்தும் நொதி எவ்வளவு செய்யப்படுகிறதோ அதைப் பொறுத்தே ஈரலில் ஹீமின் அளவு அமைகிறது. ஹீம் போதுமானபோது அதுவே அந்நொதியின் உற்பத்தியைக் குறைத்துவிடும். களஞ்சியம் நிரம்பியதும் களத்துக் கூலியாட்களை நிறுத்துவது போன்ற ஏற்பாடு இது. இக்கட்டுப்பாடு எவ்வாறு நடைபெறுகிறது என்பதற்கு ஒரு விளக்கத்தை இவரும் இவருடைய மாணாக்கர்களும் 1973-இல் வெளியிட்டனர்.

ஈரலில் மருந்துகளையும் நஞ்சுகளையும் முறிக்கும் 'சைட்டோகுரோம் பி-450' என்னும் நொதிக் கூட்டம் ஒன்றுண்டு. எலிக்குப் பீனோபார்பிடோன் என்னும் தூக்க மருந்தைக் கொடுத்தால், இந்நொதியின் மரபணு விழித்துப் பன்மடங்கு வேலை செய்கிறது. இந்நொதிக்கும் ஹீம் வேண்டும். ஹீம் உண்டாவதைத் தடுத்துவிட்டால் மரபணுவின் வேலையும் தளர்கிறது என்றும், சிறிதளவு ஹீமைக் கொடுத்தால் மீள்கிறது என்றும் இவருடைய குழுவினர் கண்டனர். வேறு சில ஆராய்ச்சிசாலையினர் இதனை ஒப்புக்கொள்ளவில்லை, விவாதம் நடந்தது. ஆயினும் வேலை நிற்கவில்லை. அம்மரபணுவை முடுக்கிவிடும் டி.என்.ஏ. பகுதி ஒன்றை இவருடைய குழுவினர் 1992-இல் இனங்கண்டு வெளியிட்டனர்.

பூச்சிமருந்துக்கும் இதற்குமுள்ள சம்பந்தம்

எலியின் ஈரலுக்கும் நம் வயலுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். பூச்சிகளிடத்தும் பி-450 நொதிகள் உண்டு. பூச்சிமருந்துகள் பலவற்றை அவை முறித்துவிடுகின்றன. டி.டி.டி. மருந்துக்கு அசையாத பழ ஈக்களை ஆராய்ந்தபோது, பி-450 மரபணு ஒன்றின் முன்னே ஒரு சிறு டி.என்.ஏ. துணுக்கு வந்து நுழைந்திருப்பதும், அதனால் அம்மரபணு அளவு மீறி வேலை செய்வதும் 2002-இல் தெரியவந்தன. மரபணு பழையதே, அதன் மதகுதான் கெட்டுத் திறந்துகொண்டது. ஒரே இன மருந்தைத் திரும்பத் திரும்பத் தெளித்தால், இத்தகைய பூச்சிகள் மட்டும் பிழைத்துப் பெருகும். பின்பு மருந்தின் அளவைக் கூட்டுவதால் செலவே கூடும், பூச்சி குறையாது.

மலேரியாக் கிருமி

மலேரியாக் கிருமி நமது சிவப்பணுக்களுக்குள் புகுந்து இரத்தப் புரதத்தைத் தின்கிறது. அதனால் வெளிப்படும் ஹீம் அதைச் சூழ்ந்து மிகுந்திருக்கிறது. இருந்தும், அக்கிருமி தனக்கு வேண்டிய ஹீமைத் தானே செய்துகொள்கிறது என்று நமிதா சுரோலியா அவர்களும் பத்மநாபன் அவர்களும் 1992-இல் கண்டு, அவ்வழியை அடைத்தால் கிருமி மடியும் என எதிர்பார்த்தனர்.

இந்த எதிர்பார்ப்பு பிற்காலத்தில் சோதிக்கப்பட்டது. ஹீம் செய்யும் மரபணுக்களை நீக்கிய கிருமிகளைக்கொண்டு இவருடைய குழுவினரே பரிசோதித்து, 2013-இல் முடிவை வெளியிட்டனர். இரத்தத்தில் வாழும் பருவத்தில் அக்கிருமி மிருகத்தின் ஹீமைக்கொண்டு சமாளித்துவிடுகிறது. கொசுவின் உடலிலும் ஈரலிலும் வளரும் பருவங்களிலோ சொந்த ஹீம் இன்றியமையாதது என்பதே அம்முடிவு. இருபது ஆண்டுகளுக்கு முன் தாம் கொண்ட கருத்தில் ஒரு பகுதியைத் தம் கையாலேயே திருத்திக்கொண்டது கவனிக்கத்தக்கது.

மஞ்சள்

மஞ்சளுக்கு நிறம் தரும் குர்க்குமினை மலேரியா பற்றிய எலிகளுக்கு வாய்வழியாகக் கொடுத்தபோது, இரத்தத்திலிருந்த கிருமிகள் நூற்றுக்கு 80 முதல் 90 வரை குறைந்தன என்று இவரும் சகாக்களும் 2005-இல் வெளியிட்டனர். ஆர்ட்டீதர் என்னும் மலேரியா மருந்துடன் சேர்த்துக் கொடுத்தால் நோய் திரும்புவது தடைப்படுகிறது என 2006-இல் கண்டனர். ஆனால் இவை எலிகளில் கண்டவை. குர்க்குமின் உடலில் எளிதில் சேர்வதுமில்லை. ஆகையால் குளிர்காய்ச்சல் கண்டவர் மஞ்சளை நம்பி வீட்டிலிருத்தல் ஆபத்து. உடனே இரத்தப் பரிசோதனை செய்து வைத்தியரின் மருந்தை உட்கொள்ளவேண்டும்.

குடியானவர்கள் கவனிக்கவேண்டியவை

1. மணிலா விதைக்குமுன் ரைசோபியம் நுண்ணுயிர் உரத்தை ஆறிய அரிசிக் கஞ்சியில் கலந்து விதைகளில் பூசி, நிழலில் உலர்த்தி, 24 மணி நேரத்துக்குள் விதைக்கவேண்டும்.

2. பயிர் 40 நாட்களாகும்போது நிலத்தின் நான்கைந்து இடங்களில் செடிகளைத் தோண்டி முடிச்சுகளைக் கிள்ளிப் பார்க்கவும். சிவப்பாயின் நன்று. வெளுத்தோ பச்சையாகவோ இருப்பின் அவை வேலை செய்யவில்லை என்று அறியவேண்டும்.

3. தழைச்சத்து உரத்தை மிகுதியாக இட்டால் செடி முடிச்சுகளை அமைப்பதைக் குறைத்துக்கொள்ளும். இதுவும் ஒரு கட்டுப்பாடே. சிபார்சு செய்த அளவே போதும்.

4. பூச்சிமருந்து தேவைப்பட்டால், ஒரே இன மருந்தைத் தொடர்ந்து தெளிக்காமல் வேறு இனத்தை மாற்றிப் பயன்படுத்தவேண்டும். பெயர் மாறினால் மட்டும் போதாது. இனம் மாறியுள்ளதா என்று கேட்டறிந்து வாங்கவும்.

பத்மநாபன் அவர்கள் 1983-இல் பட்நாகர் பரிசும், 1991-இல் பத்மஸ்ரீ, 2003-இல் பத்மபூஷண் விருதுகளும் பெற்றார். 1994 முதல் 1998 வரை இந்திய விஞ்ஞானக் கழகத்தின் டைரக்டராகப் பணியாற்றினார். 2024-இல் விஞ்ஞான ரத்னா விருது இவருக்கு வழங்கப்பட்டது. பூஞ்சணம், பருப்பு, ஈரல், கொசு, மஞ்சள் எனப் பல இடங்களுக்குச் சென்றும், பெரும்பாலும் இரும்பையும் ஹீமையும் சுற்றியே அவருடைய கேள்வி நின்றது. நல்ல விதை வாங்குவதோடு வேலை முடிந்துவிடாது; அவ்விதைக்குள் இருப்பது எப்பொழுது விழிக்கும், எதனால் உறங்கும் என்பதை அறிந்து நடப்பவருக்கே விளைச்சல் கைகூடும்.