சிரிப்பு யார் மேல் விழுகிறது?



டி.வி.யில் காமெடி வந்தால் எல்லோரும் சேர்ந்து சிரிக்கிறோம். அந்த வசனத்தை யாரோ ஒருவர் உட்கார்ந்து எழுதுகிறார். யாரைப் பார்த்துச் சிரிக்க வேண்டும் என்பதையும் அவர்தான் முடிவு செய்கிறார். கனடா நாட்டில் அப்படி எழுதும் டான் லெவி பற்றி இந்த இதழில் தெரிந்துகொள்வோம்.

டான் லெவி தன்பாலீர்ப்பு உள்ளவர். அதாவது ஆணாக இருந்து, ஆண் மேலேயே காதல் வரும் மனசு உள்ளவர். இது நோய் இல்லை. உலக சுகாதார நிறுவனம் 1990-லேயே இதை நோய்ப் பட்டியலில் இருந்து எடுத்துவிட்டது.

முன்பு அமெரிக்கத் தொடர்களில் இப்படிப்பட்டவர்களைப் பெரும்பாலும் கேலிக்குத்தான் காட்டினார்கள். 1997-ல் 'எலன்' தொடரின் கதாநாயகி, தனக்குப் பெண்கள் மேல்தான் விருப்பம் என்று வெளிப்படையாகச் சொன்னார். மறு வருஷமே தொடர் நின்றுபோனது. ஆனாலும் 1998-ல் 'வில் அண்ட் கிரேஸ்' வந்தது. அதை உருவாக்கிய இருவரில் மேக்ஸ் மட்ச்னிக் தன்பாலீர்ப்பு உள்ளவர். மக்களுக்கு விஷயத்தைப் புரியவைத்ததில் அந்தத் தொடருக்குப் பெரிய பங்கு உண்டு என்று அன்றைய துணை ஜனாதிபதி ஜோ பைடன் 2012-ல் சொன்னார்.

டான் லெவி தன் அப்பா யூஜினோடு சேர்ந்து 2015-ல் 'ஷிட்ஸ் கிரீக்' தொடரைக் கொண்டுவந்தார். சொத்தெல்லாம் இழந்த பணக்காரக் குடும்பம் ஒரு சின்ன ஊர் லாட்ஜில் வந்து தங்குகிறது. மகன் டேவிட்டாக டானே நடித்தார். டேவிட் கடை வைக்கிறான். கூட்டாளி பேட்ரிக் மேல் காதல் வருகிறது. கடைசியில் கல்யாணம்.

இந்த ஊரில் அவர்களை யாரும் வெறுக்க மாட்டார்கள், ஒதுக்க மாட்டார்கள் என்று டான் முதலிலேயே முடிவு செய்திருந்தார். அப்போ சிரிப்பு எப்படி வரும்? டேவிட்டின் பந்தா, எதற்கெடுத்தாலும் பதறுவது, அம்மாவின் அலட்டல் இதெல்லாம் போதுமே!

2019-ல் வந்த ஒரு பகுதியில், பேட்ரிக் தன் விஷயத்தை அப்பா அம்மாவிடம் சொல்லப் பயப்படுகிறான். அவர்களுக்கு வேறு வழியில் தெரிந்துவிடுகிறது. அவர்களுக்குக் கோபம் இல்லை. நம்ம பிள்ளை நம்மகிட்ட சொல்லப் பயந்துட்டானே என்பதுதான் வருத்தம்.

2020-ல் இத்தொடருக்கு 9 எம்மி விருதுகள் கிடைத்தன. அதைவிடப் பெரிது ஒரு கடிதம். இப்படிப்பட்ட பிள்ளைகளைப் பெற்ற 1,000-க்கும் மேற்பட்ட அம்மாக்கள் சேர்ந்து நன்றி சொல்லி எழுதினார்கள். அதைப் படித்தபோது நடிகர்கள் அழுதுவிட்டார்கள்.

தோழிகளே, நாம் டி.வி. பார்க்கும்போது பக்கத்தில் நம்ம பிள்ளையும் உட்கார்ந்திருக்கிறது. அம்மா எதற்குச் சிரிக்கிறாள் என்று அது கவனிக்கிறது. மனசில் இருப்பதை நாளைக்கு அம்மாகிட்ட சொல்லலாமா, வேண்டாமா என்று அதை வைத்தும் முடிவு செய்யலாம். அடுத்த குழுக் கூட்டத்தில் இதைப் பற்றிக் கொஞ்சம் பேசுவோமே!