எலும்பைக் காட்டும் கதிர்

திருக்கோவிலூரில் ஒருவர் வரப்பில் வழுக்கி விழுகிறார். கை வீங்கி விடுகிறது. "எக்ஸ்-ரே எடுத்து வாருங்கள்" என்கிறார், டாக்டர்.

எக்ஸ்-ரே என்பது கண்ணுக்குத் தெரியாத கதிர். 1895-ம் ஆண்டு ஜெர்மனி விஞ்ஞானி ராண்ட்ஜன் இதைக் கண்டுபிடித்தார். மனைவியின் கையைப் படம் எடுத்தார். எலும்பும், மோதிரமும் தெரிந்தன!

கதிர், சதையை எளிதில் கடந்து விடும். எலும்பு அதைத் தடுக்கும். அதனால் படத்தில் எலும்பு வெள்ளையாகத் தெரிகிறது.

கைகள் போயின

இதில் ஆபத்தும் உண்டு. அமெரிக்க விஞ்ஞானி எடிசனின் உதவியாளர் கிளாரன்ஸ் டாலி, கதிரைச் சோதிக்கத் தன் கையையே அடிக்கடி நீட்டினார். புண் வந்தது. புற்றுநோயாக மாறியது. இரு கைகளையும் வெட்டி எடுத்தும் பலன் இல்லை. 1904-ல் இறந்தார். எடிசன் அந்த ஆராய்ச்சியையே கைவிட்டார்.

மூன்று காவல்

சென்னை பொது மருத்துவமனையில் 1934-ல் பர்னார்டு கதிரியல் நிலையம் தோன்றியது. எக்ஸ்-ரே படிப்பவர்களுக்கு முதல் பாடம் மூன்று: நேரம், தூரம், தடுப்பு.

கதிர் படும் நேரத்தைக் குறைக்க வேண்டும். இரு மடங்கு தள்ளி நின்றால், கதிர் 4-ல் ஒரு பங்காகும். ஈயத் தடுப்புக்குப் பின்னால் நிற்க வேண்டும்.

நோயாளி அசைந்தால் படம் கலங்கும். மறுபடி எடுத்தால் மறுபடி கதிர் படும். எனவே, அன்பாகப் பேசி, ஒரே தடவையில் முடிப்பவரே கெட்டிக்காரர்.

கர்ப்பிணிகள் முன்னதாகவே சொல்லி விட வேண்டும். மற்றவர்கள் பயப்பட வேண்டாம். கைப்படம் ஒன்றில் படும் கதிர் மிகமிகக் குறைவு.