பாட்டும் குளிசையும்: இசைச் சிகிச்சை பற்றி ஆய்வுகள் சொல்வது என்ன?

என் மாமாவுக்குப் பாரிசவாதம் வந்து வலது கையும் காலும் விழுந்துவிட்டன. பேச்சும் போய்விட்டது. நாம் சொல்வது அவருக்கு நன்றாக விளங்கும். ஆனால் 'தண்ணி' என்ற ஒரு சொல்லை வெளியே கொண்டுவர முடியாது. வாய் திறக்கும், முகம் இறுகும், பிறகு கண் கலங்கும். ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்து மூன்றாவது கிழமை, ஒரு மத்தியான நேரம், மாமி பேரப்பிள்ளையை ஏணையில் போட்டு ஆட்டியபடி தாலாட்டுப் படித்துக்கொண்டிருந்தார். கலிமாவைச் சேர்த்து எங்கள் உம்மம்மாமார் படித்துவந்த பழைய தாலாட்டு அது. பக்கத்துக் கட்டிலில் கிடந்த மாமா அடுத்த அடியை எடுத்துப் பாடினார். ஒரு சொல்லும் பிசகவில்லை.

"அல்ஹம்துலில்லாஹ், பேச்சு வந்திட்டு மகன்" என்று மாமி அழுதார். பாட்டு முடிந்ததும் பேச்சும் நின்றுவிட்டது. தண்ணீர் கேட்கப் பழையபடி கையைத்தான் காட்டினார்.

செய்தி ஊருக்குள் பரவியது. யாரோ ஒருவர் மாமிக்கு வட்ஸ்அப்பில் ஒரு குரல் பதிவு அனுப்பினார். இன்ன இசையை நாற்பது நாள் கேட்டால் பிரஷரும் சீனியும் இறங்கிவிடுமாம், குளிசையே தேவையில்லையாம். மாமி நம்பிவிட்டார். மூன்று நாள் மாமாவுக்குப் பிரஷர் குளிசை கொடுக்கவில்லை. நல்ல காலம், நாலாம் நாள் கிளினிக். அளந்து பார்த்த டொக்டர் ஏசிய ஏச்சு இன்னும் எங்கள் காதில் கிடக்கிறது.

நான் வைத்தியன் அல்லன், தமிழ் படிப்பிக்கிற வாத்தியார். ஆனாலும் இந்த இரண்டு சம்பவங்களும் என்னை விடவில்லை. மாமா பாடியது உண்மை. குரல் பதிவு சொன்னது பொய். இந்த உண்மைக்கும் பொய்க்கும் நடுவில் கோடு எங்கே இருக்கிறது என்று தேடி வாசித்ததன் சுருக்கமே இக்கட்டுரை.

முதலில் மாமாவின் விடயம். பெரும்பாலானோருக்குப் பேச்சை உருவாக்கும் பகுதி மூளையின் இடப்பக்கத்தில் இருக்கிறது. வலது கை கால் வாதத்தோடு பேச்சும் போவது அதனால்தான். மெட்டைக் கையாளுவதில் மூளையின் வலப்பக்கத்துக்குப் பெரும் பங்குண்டு. சிறுவயதிலிருந்து மனப்பாடமான பாட்டு, மெட்டும் சொல்லும் ஒட்டியபடியே நினைவில் கிடக்கிறது. அதனால் இடப்பக்கம் பழுதுபட்டவர் பேச முடியாமல் பாடலாம். ஆனால் பாட்டு வந்தால் பேச்சு வந்துவிட்டது என்று அர்த்தமில்லை. மனப்பாடமான சொல் வேறு, நினைத்ததைச் சொல்லும் சொல் வேறு.

இந்தப் பாட்டைப் பிடித்துக்கொண்டு பேச்சை மீட்க முடியுமா? 1973இல் அமெரிக்காவின் பொஸ்டன் நகரில் அல்பர்ட், ஸ்பார்க்ஸ், ஹெல்ம் என்ற மூவர் அதற்கொரு முறையை வெளியிட்டார்கள். அன்றாடம் தேவையான சிறு வாக்கியத்தை உயர்ந்த சுரம், தாழ்ந்த சுரம் என்று இரண்டே சுரத்தில் இழுத்துச் சொல்ல வேண்டும். ஒவ்வோர் அசைக்கும் நோயாளியின் இடது கையால் ஒரு தட்டு. பிறகு கொஞ்சம் கொஞ்சமாக மெட்டைக் குறைத்துச் சாதாரணப் பேச்சுக்குக் கொண்டுவருவது. விளங்கும் சக்தி கெடாமல் பேச்சு மட்டும் போனவர்களுக்கே இது பொருந்தும். பயிற்சி செய்த வாக்கியங்களில்தான் முன்னேற்றம் கூடுதலாகத் தெரிகிறது. 2011 ஜனவரியில் தலையில் சுடப்பட்ட அமெரிக்க காங்கிரஸ் உறுப்பினர் கேப்ரியேல் கிஃபர்ட்ஸ் பேச்சை மீட்டெடுத்தபோது, மற்றச் சிகிச்சைகளோடு இசைச் சிகிச்சையும் கைகொடுத்தது.

இரண்டாவது, பின்லாந்தின் ஹெல்சிங்கியில் நடந்த ஆய்வு. 2008இல் வெளியானது. பாரிசவாதம் வந்த 60 பேரை மூன்று குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழு தமக்குப் பிடித்த இசையை நாளுக்கு ஒரு மணித்தியாலமாவது இரண்டு மாதம் கேட்டது. இன்னொரு குழு வாசித்துப் பதிவு செய்த புத்தகங்களைக் கேட்டது. மூன்றாவது குழு எதையும் கேட்கவில்லை. கடைசிவரை நின்றவர்கள் 54 பேர். மூன்று மாதத்தின் பின் அளந்தபோது, சொற்களை நினைவில் வைக்கும் சக்தி இசை கேட்டவர்களிடம் 60 சதவீதமும், புத்தகம் கேட்டவர்களிடம் 18 சதவீதமும், ஒன்றும் கேட்காதவர்களிடம் 29 சதவீதமும் கூடியிருந்தது. ஒன்றை மறக்கக்கூடாது. மூன்று குழுவுக்கும் வழமையான வைத்தியம் ஒரேமாதிரிக் கிடைத்தது. யாருடைய குளிசையையும் யாரும் நிறுத்தவில்லை.

மூன்றாவது, சத்திரசிகிச்சை. 73 ஆய்வுகளின், ஏறத்தாழ 7,000 நோயாளிகளின் தகவல்களை ஒன்றுசேர்த்த கட்டுரை ஒன்று 2015இல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. இசை கேட்டவர்களுக்குச் சத்திரசிகிச்சைக்குப் பின்னான நோவும் பதற்றமும் குறைந்திருந்தன. நோவுக்கான மருந்தும் குறைவாகவே தேவைப்பட்டது. ஆனால் ஆஸ்பத்திரியில் தங்கும் நாட்கள் குறையவில்லை. காயம் ஆறுகிற வேலையை இசை செய்வதில்லை, காத்திருக்கிற மனதைத்தான் அது ஆற்றுகிறது என்று நான் விளங்கிக்கொண்டேன்.

பார்க்கின்சன் நோயாளிகளின் நடைக்குத் தாளம் உதவுகிறது. 1996இல் தௌட் என்ற ஆய்வாளரும் கூட்டாளிகளும் தாளத்துக்கு அடியெடுத்து வைக்கும் பயிற்சியை மூன்று கிழமை கொடுத்துப் பார்த்தார்கள். நடையின் வேகம் 25 சதவீதம் கூடியது. அடியெடுத்து வைக்க மூளை கொடுக்கும் உள்தாளம் இந்நோயில் தளர்ந்துபோகிறது. வெளியிலிருந்து வரும் தாளம் அந்த இடத்தை நிரப்புகிறது.

எனக்கு ஆகப் பிடித்தது 2013இல் வந்த ஆய்வு. அமெரிக்காவில் 11 ஆஸ்பத்திரிகளில் மாதம் நிறையாமல் பிறந்த 272 குழந்தைகளுக்கு, பெற்றோர் தாமே தெரிந்தெடுத்த பாட்டைத் தாலாட்டாக மெல்லப் பாடிக் காட்டினார்கள். குழந்தையின் இதயத் துடிப்பு நிதானப்பட்டது. பெற்றோரின் மனக்கலக்கமும் குறைந்தது. ஏணையடியில் நின்று எங்கள் உம்மாமார் ஆயிரம் தடவை கண்ட விடயத்துக்கு இப்போது அளவுகோல் வைத்திருக்கிறார்கள்.

இனி, இசை தோற்ற இடங்களையும் சொல்லவேண்டும். மோசாட்டின் இசையைக் கேட்டால் பிள்ளைக்கு மூளை வளரும் என்ற கதை பலருக்குத் தெரிந்திருக்கும். அதன் மூலம் 1993இல் வெறும் 36 கல்லூரி மாணவர்களோடு நடந்த ஒரு பரிசோதனை. பத்து நிமிடம் கேட்டபின் ஒருவகைப் புதிரை அவர்கள் சற்று நன்றாகச் செய்தார்கள். அந்தப் பலன் கால் மணித்தியாலம்கூடத் தாண்டவில்லை. குழந்தைகள் அதில் இல்லவே இல்லை. ஆனாலும் 1998இல் அமெரிக்காவின் ஜோர்ஜியா மாநில ஆளுநர், புதிதாய்ப் பிறக்கும் பிள்ளைகளுக்கு இசைத்தட்டுக் கொடுக்க 105,000 டொலர் கேட்டார்! பிடித்த கதையைக் கேட்டாலும் அதே பலன்தான் என்று பின்னர் காட்டினார்கள். மனம் உற்சாகமானால் வேலை கொஞ்சம் நன்றாக ஓடும், அவ்வளவுதான். அதுபோல, ஒன்பது நாடுகளில் ஒட்டிசம் உள்ள 364 பிள்ளைகளிடம் நடந்து 2017இல் வெளியான ஆய்வில், இசைச் சிகிச்சையால் நோய்க்குறிகள் குறிப்பிடத்தக்க அளவு குறையவில்லை.

இந்தக் கோட்டை நம் முன்னோரும் அறிந்திருந்தார்கள் போலும். பக்தாதில் வாழ்ந்த மெய்யியலாளர் அல்-கிந்தி பற்றி, 1248இல் மறைந்த இப்னுல் கிஃப்தி தம் நூலில் ஒரு கதை சொல்கிறார். ஒரு வணிகரின் மகன் திடீரென வாதம் வந்து உணர்வற்றுக் கிடந்தான். கணக்குவழக்கெல்லாம் அவனுக்கே தெரியும். அல்-கிந்தி ஊத் வாசிக்கத் தெரிந்த நாலு மாணவர்களை அவன் தலைமாட்டில் இருத்தி வாசிக்கச் சொல்லி, நாடியைப் பிடித்துக்கொண்டிருந்தார். பையன் அசைந்தான், எழுந்திருந்தான், பேசினான். தகப்பன் கணக்கைக் கேட்டு எழுதிக்கொண்டார். வாசிப்புத் தளர்ந்ததும் அவன் பழைய நிலைக்குப் போனான். இன்னும் வாசிக்கச் சொல்லுங்கள் என்று தகப்பன் கெஞ்ச, ஆயுளை நீட்ட மனிதனால் முடியாது என்றார் அல்-கிந்தி. நடந்ததோ இல்லையோ, கதை சொன்னவர் எல்லையையும் சேர்த்தே சொல்லியிருக்கிறார்.

துருக்கியின் எடிர்னேயில் சுல்தான் இரண்டாம் பாயஸீத் 1488இல் கட்டிமுடித்த ஆஸ்பத்திரிக்குப் பத்து இசைவாணர்கள் நியமிக்கப்பட்டிருந்ததாகவும், கிழமைக்கு மூன்று முறை வந்து நோயாளிகளுக்குப் பாடி வாசித்ததாகவும் 17ஆம் நூற்றாண்டுப் பயணி எவ்லியா செலெபி எழுதுகிறார். அதே ஆஸ்பத்திரியில் மருந்தும் இருந்தது, வைத்தியரும் இருந்தார்.

எங்களிடையே இசை என்றதும் கூடுமா கூடாதா என்ற கேள்விதான் முன்னுக்கு வரும். அதற்கு விடை சொல்வது உலமாக்களின் பொறுப்பு, எனதல்ல. ஆனால் மேலே சொன்னவற்றில் பேச்சுப் பயிற்சிக்குக் குரலும் கைத்தட்டும் போதும். நடைப் பயிற்சிக்கு ஒழுங்கான ஒரு தட்டல் போதும். தாலாட்டுக்குப் பெற்றோரின் குரல் போதும். வாத்தியம் இல்லாமலே செய்யக்கூடியது நிறைய உண்டு. எங்கள் கவியும் தாலாட்டும் முதியோரோடு மண்ணுக்குள் போகுமுன் பதிந்து வைக்க இன்னொரு காரணமும் இது. பாரிசவாதம் வந்த ஒருவருக்கு எந்தப் பாட்டு உள்ளே கிடக்கிறது என்று அவர் வீட்டாருக்குத்தான் தெரியும்.

மாமாவைப் பேச்சுச் சிகிச்சையாளரிடம் கூட்டிப்போனோம். இடது கையைத் தட்டித் தட்டி 'தண்ணி தாங்க' என்பதை இழுத்துச் சொல்லப் பழக்கினார். நாலு மாதம் போய்விட்டது. இப்போது மாமா பாதி பாட்டாக, பாதி பேச்சாக அதைக் கேட்கிறார். மற்றச் சொற்கள் இன்னும் வரவில்லை. போன கிழமை நான் போனபோது பயிற்சியைத் தொடங்கலாமா என்று கேட்டேன். மாமி முதலில் குளிசைப் பெட்டியைத்தான் எடுத்தார். "இதக் குடுத்திட்டு வாறன் மகன், பொறகு படிப்பம்" என்றார்.