மனப்பதற்ற மருந்தும் கூடும் எடையும்: சட்டம் தந்த உரிமை

புது தில்லி: மனப்பதற்றத்துக்கு மருந்து உட்கொள்வோர் சிலர் சிகிச்சையைப் பாதியில் கைவிடுவதற்கு உடல் எடை கூடுவதும் ஒரு காரணம். பராக்ஸெடின், மிர்டாஸபின் போன்ற மருந்துகளில் இப்பாதிப்பு அதிகம், செர்ட்ராலினில் குறைவு. எனினும், மருந்தைத் திடீரென நிறுத்தினால் தலைசுற்றலும் தூக்கமின்மையும் ஏற்படலாம், பதற்றமும் திரும்பக்கூடும்.

பக்கவிளைவுகளை அறிந்துகொள்வது நோயாளியின் உரிமை. 2018 மே மாதம் நடைமுறைக்கு வந்த, 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், 22-ஆவது பிரிவில் இதை உறுதி செய்கிறது. ஆனால், நெரிசல் மிக்க புறநோயாளிகள் பிரிவில், சில நிமிடங்களில் முடிந்துவிடும் ஆலோசனையில் எடை குறித்துப் பேச அவகாசம் இருப்பதில்லை.

இதற்கான வழி எளிது. சிகிச்சை தொடங்கும் நாளிலேயே எடையைக் குறித்துக்கொண்டு, மாதந்தோறும் ஒப்பிட வேண்டும். இனிப்புப் பானங்களைக் குறைத்து, அன்றாடம் நடப்பது நல்லது. நடைப்பயிற்சி பதற்றத்தையும் தணிக்கும். அதன் பின்னரும் எடை கூடினால், மாற்று மருந்து குறித்து மருத்துவரிடம் கேட்கலாம். 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கிய 'டெலி மானஸ்' தொலைபேசிச் சேவையிலும் (14416) ஆலோசனை பெறலாம்.

பெங்களூரு நிம்ஹான்ஸ் நிறுவனம் 2015-16-இல் நடத்திய தேசிய மனநல ஆய்வின்படி, மனநலப் பாதிப்புகளுக்குச் சிகிச்சை பெறாதோரின் விகிதம், நோய்க்கேற்ப 70 முதல் 92 சதவீதம் வரை இருந்தது. தயக்கத்தைக் கடந்து மருத்துவரை நாடிய சிலரையும், முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டிய ஒரு தகவலைச் சொல்லாததால் இழப்பது நியாயமல்ல.